கொசு உள்ளானா, டெம்மிங்க்கா? படம் பார்த்துப் பெயர் சொல்வதில் நேரும் தவறுகள்

கோடியக்கரை உப்பளத்திலோ பழவேற்காட்டுச் சேற்றிலோ குட்டி உள்ளான்களை, அதாவது சேற்றில் இரை தேடும் சிறு கரைப்பறவைகளை, படம் எடுப்பது சுலபம். வீட்டில் உட்கார்ந்து பெயர் தேடும்போதுதான் திணறல். தவறுகள் பெரும்பாலும் காலில்தான் தொடங்குகின்றன.

கொசு உள்ளானுக்கு, அதாவது ஆங்கிலத்தில் லிட்டில் ஸ்டின்ட்டுக்கு, கறுப்புக் கால். டெம்மிங்க் ஸ்டின்ட்டுக்கும் லாங்-டோட் ஸ்டின்ட்டுக்கும் மஞ்சள் அல்லது பச்சை கலந்த மஞ்சள் கால். விதி சரிதான். ஆனால் சேறு அப்பிய மஞ்சள் கால் படத்தில் கறுப்பாகத்தான் விழும். எதிர்வெயிலில் எடுத்தாலும் அப்படியே. சாயங்கால வெயிலோ எல்லாவற்றையும் மஞ்சளாக்கிவிடும். மூட்டுக்கு மேலே, சேறு படாத இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கேயும் தெளிவில்லையென்றால் காலை விட்டுவிடுங்கள்.

மார்பு அவ்வளவு எளிதில் ஏமாற்றாது. டெம்மிங்க்குக்கு மார்பு முழுக்க மங்கிய சாம்பல் பழுப்பு. வெள்ளை வயிறு தொடங்கும் இடத்தில் சட்டென்று முடியும். முதுகிலும் வேலைப்பாடு இல்லை. காமன் சேண்ட்பைப்பர் என்ற சற்றுப் பெரிய உள்ளானைச் சுருக்கி வைத்த மாதிரி இருக்கும். குளிர்கால கொசு உள்ளானுக்கு மார்பின் நடுப்பகுதி வெள்ளை, சாம்பல் இரு பக்கமும் ஒதுங்கியிருக்கும். லாங்-டோடின் மார்பில் மெல்லிய கோடுகள் உண்டு, முதுகு இறகுகளின் நடுவே கருமை. கழுத்தை நீட்டி நிமிர்ந்தும் நிற்கும்.

அப்புறம் அளவு. வெட்டிப் பெரிதாக்கிய படத்தில் 14 செ.மீ. லாங்-டோடும் 20 செ.மீ. வுட் சேண்ட்பைப்பரும் ஒரே உயரம்தான். பக்கத்தில் தெரிந்த பறவை ஒன்று நின்றால் ஒப்பிடலாம், ஆனால் இரண்டும் ஒரே தூரத்தில் நிற்க வேண்டும். நெடுந்தூர லென்ஸ் முன்னே நிற்பதையும் பின்னே நிற்பதையும் பக்கம் பக்கமாகக் காட்டிவிடும். வெட்டுவதிலும் இழப்பு இருக்கிறது. டெம்மிங்க் பெரும்பாலும் நன்னீர் ஓரத்துப் புல் மறைவை விரும்பும். பின்னணி போனால் அந்தத் தடயமும் போச்சு.

ஒரே படத்தை வைத்து முடிவு செய்வதுதான் என் கணக்கில் பெரிய தவறு. தலை நம் பக்கம் லேசாகத் திரும்பினால் போதும், அலகு குட்டையாகிவிடும். உடனே ‘ரெட்-நெக்டு ஸ்டின்ட்’ என்று அரிய பறவையாக அறிவிப்பார்கள். அதற்கும் கருங்கால்தான். குளிர்கால இறகில் அதையும் கொசு உள்ளானையும் சாதாரணப் படத்தில் பிரிப்பது அனுபவசாலிகளுக்கே கடினம். ஏப்ரல், மே மாதங்களில் இனப்பெருக்க நிறம் ஏறிய பறவை கிடைத்தால் கொஞ்சம் வழி பிறக்கும்: ரெட்-நெக்டுக்குத் தொண்டையும் செம்மை, கொசு உள்ளானுக்குத் தொண்டை வெள்ளை. மற்றபடி, பறவைப் பதிவுத் தளமான இபேர்டில் (eBird) இனம் குறிப்பிடாமல் ‘ஸ்டின்ட்’ என்று பதிய இடமிருக்கிறது. அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். தவறான அரிய பதிவைவிட அது எவ்வளவோ மேல்.

மாதத்தையும் கவனியுங்கள். ஆகஸ்டில் வந்திறங்கும் வளர்ந்த பறவைகளின் இறகு தேய்ந்து, செம்மை பாதி மிஞ்சியிருக்கும். கையேட்டின் குளிர்காலப் படத்தோடு அது ஒத்துப்போகாது.

கலங்கலான பறக்கும் படங்களை அழிக்க வேண்டாம். வுட் சேண்ட்பைப்பரா, கிரீன் சேண்ட்பைப்பரா என்ற சண்டையை அவைதான் தீர்க்கும்: இறக்கையின் அடிப்பக்கம் கிரீனுக்குக் கருமை, வுட்டுக்கு வெளிறல். உட்கார்ந்த படம் மட்டும்தான் இருக்கிறதா? சரி, புருவக்கோட்டைப் பாருங்கள். வுட்டுக்கு அது கண்ணைத் தாண்டிப் பின்னால் நீளும், கிரீனுக்குக் கண்ணோடு நின்றுவிடும்.