கூட்டத்தின் மேல் பழி போடாதீர்கள்: ஓ.பி.யில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவுக்கு வருகிறவர் மருத்துவரின் முன்னால் உட்காருவது சில நிமிடங்கள்தான். மற்ற நேரமெல்லாம் ஓ.பி. சீட்டு போடும் இடத்திலும், இரத்த அழுத்தம் பார்க்கும் மேசையிலும், ஆய்வகத்தின் வாசலிலும், மருந்து வாங்கும் ஜன்னலிலும் கழிகிறது. அவர் நிறைவோடு வீடு திரும்புகிறாரா என்பது பெரும்பாலும் செவிலியர், மருந்தாளுநர், சீட்டு எழுதுகிறவர் ஆகியோர் கையில்தான் இருக்கிறது. மனம் கசந்தவர்களில் பலர் சண்டை போடுவதில்லை. அடுத்த மாதம் சர்க்கரை மாத்திரை வாங்க வராமல் நின்றுவிடுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் கூட்டத்தைக் காரணம் சொல்வது முதல் தவறு. நம் மக்கள் காத்திருக்கத் தயங்குவதில்லை. எதற்காக, எவ்வளவு நேரம் என்று தெரியாமல் காத்திருப்பதுதான் அவர்களை வதைக்கிறது. 'மருத்துவர் பிரசவ வார்டில் இருக்கிறார், பதினொரு மணிக்கு வந்துவிடுவார்' என்று ஒருவர் வெளியே வந்து சொன்னாலே வரிசை அமைதியாகும். நெஞ்சு வலியோடு வந்தவரை முன்னால் அழைக்கும்போதும் காரணத்தைச் சொல்லிவிட வேண்டும்; இல்லையென்றால் 'தெரிந்தவர் போலிருக்கிறது' என்றுதான் வரிசை நினைக்கும். உண்மையிலேயே தெரிந்தவர்களை இடையில் நுழைப்பவர்களுக்கு நான் சொல்லும் சமாதானம் எதுவும் இல்லை.

வயதில் மூத்தவரை 'நீ, வா, போ' என்பதும், 'அந்த டி.பி. கேஸ் எங்கே?' என்று கூடத்தின் நடுவில் குரல் கொடுப்பதும் அடுத்த தவறுகள். இரண்டுமே உடனே நிறுத்தக்கூடியவை.

நோயாளி பேசத் தொடங்கியதும் குறுக்கிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும் என்று பலர் நம்புகிறார்கள். 1984இல் அமெரிக்காவில் பெக்மேன், ஃபிராங்கல் ஆகியோர் நடத்திய ஆய்வில், மருத்துவர்கள் சராசரியாக 18 விநாடிகளிலேயே குறுக்கிட்டது தெரியவந்தது. பேசவிட்டபோதோ, ஒருவர்கூட இரண்டரை நிமிடத்தைத் தாண்டவில்லை. பாதியில் நிறுத்தப்பட்டவர் முக்கியமான தொந்தரவை எழுந்து போகும்போது சொல்வார், அல்லது சொல்லாமலே போய்விடுவார்.

மருந்து ஜன்னலில் நடப்பது இன்னும் கவலை தருகிறது. சீட்டில் '1-0-1' என்று எழுதியிருக்கும். அட்டையிலிருந்து வெட்டிய மாத்திரைகளை உள்ளே இருப்பவர் நீட்டி, 'காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று' என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். எழுத்தறியாத பாட்டியின் கையில் மூன்று விதமான வெள்ளை மாத்திரைகள். வெட்டிய துண்டில் மருந்தின் பெயரும் இருக்காது. எது சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று பக்கத்து வீட்டுப் பையனிடம்தான் அவர் கேட்க வேண்டும். 'புரிந்ததா?' என்று கேட்பதில் பயனில்லை, எல்லோரும் தலையாட்டுவார்கள். 'இதை எப்போது போடுவீர்கள், நீங்களே சொல்லுங்கள் பார்ப்போம்' என்று கேட்டால் அரை நிமிடத்தில் தவறு வெளிப்பட்டுவிடும்.

நிர்வாகம் செய்யும் தவறுகளும் உண்டு. பரசுராமன், சைத்தமல், பெர்ரி ஆகிய மூவரும் 1988இல் வெளியிட்ட 'செர்வ்குவால்' அளவீடு, சேவையின் தரத்தை ஐந்து கூறுகளாகப் பார்க்கிறது: கண்ணுக்குத் தெரியும் வசதிகள், சொன்னதைச் சொன்னபடி செய்தல், உடனடியாக உதவ முன்வருதல், நம்பிக்கை ஊட்டுதல், பரிவு. மருத்துவமனைகளிலும் இது பரவலாகப் பயன்படுகிறது. நாமோ முதல் கூறான டைல்ஸுக்கும் நாற்காலிக்கும் செலவழித்துவிட்டு, மற்ற நான்கையும் ஆளே போதாத செவிலியரின் தலையில் கட்டிவிடுகிறோம். காலியிடங்களை நிரப்பாமல், இருப்பவர்களிடம் புன்னகையை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கருத்துக் கேட்கும் விதமும் மாற வேண்டும். சீருடையில் இருக்கும் ஊழியரே படிவத்தோடு நின்று 'எங்கள் கவனிப்பு எப்படி?' என்றால், அடுத்த வாரமும் அதே ஜன்னலுக்கு வரவேண்டியவர் 'நல்லது' என்றுதான் சொல்வார். வெளியாள் ஒருவர், வாசலுக்கு வெளியே, 'மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொன்னார்களா? எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்?' என்று நடந்ததைக் கேட்கட்டும்.