இங்கிலாந்துக் காட்டுப் பாதைகளில் கிராவல் பைக்: முதல் சவாரிக்கு முன் செய்ய வேண்டியவை

இங்கிலாந்தில் இருக்கிறீர்கள், சைக்கிள் நன்றாக ஓட்டத் தெரியும், கிராவல் பைக் (சரளைப் பாதையிலும் மண்பாதையிலும் ஓட்டுவதற்கான, டயர் அகலமான சைக்கிள்) ஒன்றை வாங்கிவிட்டீர்கள் அல்லது வாங்கப் போகிறீர்கள். அப்படியென்றால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான். பிரேக், கியர், ஹெல்மெட் பற்றி இங்கே எழுதவில்லை. எந்தப் பாதையில் ஓட்டலாம், எதில் கூடாது என்பதற்கே பாதி இடம் போய்விடும். புதிதாகக் காட்டுக்குள் வருகிறவர்களைச் சேறும் ஏற்றமும் தடுமாற வைப்பதில்லை, இந்த ஒரு விஷயம்தான் வைக்கிறது. எனக்கும் இது பிடிபடத்தான் அதிக நாள் ஆனது.

படி 1: பாதையின் வகையைப் பாருங்கள்

காட்டுக்குள் அழகான மண்பாதை போகிறது, ஆட்கள் நடக்கிறார்கள், கேட்டும் பூட்டவில்லை. இவ்வளவும் இருந்தாலும் சைக்கிளுக்கு அனுமதி உண்டு என்று ஆகிவிடாது. ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பிறகு, பொறுப்போடு நடந்துகொண்டால் பெரும்பாலான இடங்களில் ஓட்டலாம். இங்கிலாந்தில் அந்த உரிமை இல்லை. இங்கே பாதை எந்த வகையோ, அதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

கேட்டிலும் மரக்கம்பத்திலும் ஒட்டியிருக்கும் அம்புக்குறியின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் என்றால் ஃபுட்பாத், நடப்பவர்களுக்கு மட்டும். நீலம் என்றால் பிரைடில்வே. இது குதிரைகளுக்கான பாதை, 1968ஆம் ஆண்டு கிராமப்புறச் சட்டம் சைக்கிளுக்கும் இதில் உரிமை கொடுத்தது. ஆனால் நடப்பவர்களுக்கும் குதிரைக்காரர்களுக்கும் வழிவிட வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. ஊதா என்றால் ரெஸ்ட்ரிக்டட் பைவே, மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லாத பாதை. சிவப்பு என்றால் எல்லா வாகனங்களும் போகக்கூடிய பைவே. இரண்டிலும் ஓட்டலாம். சிவப்புப் பாதையில் ஜீப்புகளும் ஓடுவதால் மழைக்குப் பிறகு சக்கரத்தடம் ஆழமாக, தண்ணீர் தேங்கி இருக்கும்.

அம்புக்குறி இடத்துக்குப் போன பிறகுதான் கண்ணில் படும். வீட்டிலிருந்தே பார்க்க பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வேயின் வரைபடம் வேண்டும். எக்ஸ்ப்ளோரர் வரிசை, 1:25,000 அளவு. அதில் பச்சை நிறத்தில் குட்டிக் குட்டிக் கோடுகளாகப் போவது ஃபுட்பாத், நீளமான கோடுகளாகப் போவது பிரைடில்வே. இந்த இரண்டையும் கண் பழகும்வரை பொறுமையாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று இருக்கிறது, பலர் விட்டுவிடுவது. அதே வரைபடத்தில் கறுப்புப் புள்ளிக்கோடுகளும் இருக்கும். அங்கே ஒரு பாதை கண்ணுக்குத் தெரிகிறது என்பது மட்டும்தான் அதற்குப் பொருள். உங்களுக்கு உரிமை உண்டு என்று அது சொல்லவில்லை. மஞ்சள் சாயம் பூசிய திறந்த நிலமும் அப்படித்தான், அது நடப்பவர்களுக்காகத் திறந்தது.

ரூட் போட்டுத் தரும் ஆப்களை நான் முழுதாக நம்புவதில்லை. மற்றவர்கள் ஓட்டிய தடத்தையும் தரையில் தெரியும் பாதையையும் வைத்து அவை ஃபுட்பாத் வழியாகவும் கோடு போட்டுவிடும். ஆப்பில் ரூட் போடுங்கள், தப்பில்லை. அப்புறம் ஆர்டினன்ஸ் சர்வே வரைபடத்தைப் பக்கத்தில் திறந்துவைத்து, முழு ரூட்டையும் துண்டு துண்டாகச் சரிபாருங்கள். இதற்கு அரைமணி நேரம் ஆகும், அந்த அரைமணி நேரத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். காகித வரைபடம் வாங்கினால் அதைப் போனில் இறக்கிக்கொள்ள ஒரு குறியீடும் கூடவே வரும். காட்டில் சிக்னல் கிடைக்காத இடங்களில் காகிதத்துக்கு இணை எதுவும் இல்லை என்பது என் கருத்து.

ஃபுட்பாத்தில் ஓட்டினால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு: பொதுவாக அது குற்றம் ஆகாது, நில உரிமையாளருக்கு எதிரான அத்துமீறல். ஆனால் பூங்காக்களுக்குத் தனி விதிகள் உண்டு. லண்டனின் ரிச்மண்ட் பார்க்கில் புல்வெளிக்குள்ளும் மரங்களுக்கிடையேயும் ஓட்டக் கூடாது, பூங்காவைச் சுற்றிவரும் டாம்சின் ட்ரெயில் போன்ற அனுமதித்த பாதைகளில் மட்டும்தான். நாட்டிங்ஹாம்ஷயரின் கிளம்பர் பார்க், பாரம்பரிய இடங்களைப் பராமரிக்கும் நேஷனல் ட்ரஸ்ட் அமைப்பின் இடம். அங்கே சைக்கிளுக்கென்றே அடையாளமிட்ட பாதைகள் இருக்கின்றன. ‘லைம் ட்ரீ அவென்யூ’ என்ற சாலை ஒன்றும் அங்கே உண்டு, 2 மைல் நீளம். பெயரைப் பார்த்து எலுமிச்சை மரம் என்று தவறாக நினைத்துவிடாதீர்கள், இரண்டு பக்கமும் வரிசையாக நிற்பவை லிண்டன் மரங்கள். குழந்தைகளோடு போக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

படி 2: டயர்

40 மி.மீ. டயர் போதும். நடுவில் வழவழப்பாகவும் ஓரத்தில் முள் போலவும் இருக்கும் வகையைத்தான் நான் சொல்வேன். இங்கே இரண்டு காட்டுத்துண்டுகளுக்கு நடுவே எப்படியும் தார்ச்சாலை வரும்.

டியூப்லெஸ், அதாவது உள்ளே டியூப் இல்லாத டயர் போட்டுவிடுங்கள். செப்டம்பர் முதல் விவசாயிகள் உயிர்வேலியை வெட்டத் தொடங்குவார்கள். ஹாதார்ன், பிளாக்தார்ன் முட்கள் சந்துகளில் எல்லாம் சிதறிக் கிடக்கும். ஓட்டையைத் தானாக அடைக்கும் திரவமான சீலன்ட் டயருக்குள் இருந்தால் அநேக முட்கள் குத்தியதே தெரியாது. சவுத் டவுன்ஸ் போன்ற சுண்ணாம்புக்கல் மலைகளில் வேறு பிரச்சினை: அங்குள்ள ஃபிளின்ட் கல் கத்தி மாதிரி, டயரின் பக்கச் சுவரையே கிழித்துவிடும். அதற்காக கிழிசலை அடைக்கும் பிளக், ஒரு உதிரி டியூப், கைப்பம்பு மூன்றும் எப்போதும் பையில் இருக்கட்டும்.

காற்றை ரோடு பைக் போல அடிக்காதீர்கள். 70 கிலோ எடை உள்ளவர் டியூப்லெஸ்ஸில் 30 முதல் 35 பி.எஸ்.ஐ.க்குள் தொடங்கி, கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம். டியூப் போட்டிருந்தால் கொஞ்சம் கூடுதலாக.

படி 3: முதல் ரூட், நியூ ஃபாரஸ்ட்

முதல் தடவைக்கு நான் எல்லோருக்கும் சொல்வது ஹாம்ப்ஷயரில் இருக்கும் நியூ ஃபாரஸ்ட். 1079இல் முதலாம் வில்லியம் தன் வேட்டைக்காக ஒதுக்கிய காடு. 100 மைலுக்கும் மேல் சரளைப் பாதை சைக்கிளுக்குத் திறந்திருக்கிறது, குளிர்காலத்திலும் அவ்வளவாகச் சேறாவதில்லை. சந்திப்புகளில் எண் போட்ட மரக்கம்பங்கள் நிற்கும், அந்த எண்களை வரைபடத்தோடு பொருத்திப் பார்த்தே போய்விடலாம். எண்ணில்லாத கிளைப் பாதைகளில் திரும்பாதீர்கள். அடையாளமிட்ட பாதையை விட்டு சைக்கிள் விலகக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. தரையில் கூடு கட்டும் பறவைகள் அங்கே நிறைய.

லண்டன் வாட்டர்லூவிலிருந்து ரயிலில் பிராக்கன்ஹர்ஸ்ட் போய் இறங்குங்கள். ரயிலில் சைக்கிளுக்கான இடம் குறைவு, நெரிசல் நேரத்தைத் தவிருங்கள். அங்கிருந்து ரைன்ஃபீல்ட் பக்கம் போனால் 50 மீட்டருக்கு மேல் வளர்ந்த செக்வோயா மரங்கள். ஏ35 சாலையைக் கடக்கும் இடத்தில் மட்டும் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், வண்டிகள் வேகமாக வரும். கடந்ததும் நைட்வுட் ஓக் என்ற பழம்பெரும் மரம், அதற்கப்பால் போல்டர்வுட்டில் மான்களைப் பார்க்க ஒரு மேடை. திரும்பும் வழியைப் பொறுத்து மொத்தம் 20, 25 கி.மீ. வரும்.

படி 4: குதிரைகள்

பின்னாலிருந்து சத்தமில்லாமல் வரும் சைக்கிளைக் கண்டால் குதிரை மிரளும். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, வாய்விட்டு ‘ஹலோ’ சொல்லுங்கள். மனிதக் குரல் என்றால் குதிரைக்குப் புரியும், மணி அடிப்பதைவிட அது நல்லது. குதிரையில் இருப்பவர் பதில் சொன்ன பிறகு, அகலமாக விலகி, குதிரையின் வலப்பக்கமாக மெதுவாகப் போங்கள். இடப்பக்கமாகக் கடக்கக் கூடாது என்று பிரிட்டனின் சாலை விதித் தொகுப்பான ஹைவே கோடும் சொல்கிறது. நியூ ஃபாரஸ்ட்டில் அவிழ்ந்து திரியும் போனிகளுக்குத் தீனி கொடுக்காதீர்கள். கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டு வாருங்கள்.

பின்சேர்க்கை

மின்சைக்கிளில் போகலாமா என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். மோட்டார் 250 வாட்டுக்குள் இருந்து, மணிக்கு 15.5 மைல் வேகத்தில் உதவியை நிறுத்திக்கொள்ளும் வகையாகவும், மிதித்தால் மட்டும் ஓடுவதாகவும் இருந்தால் சட்டத்தின் கண்ணில் அது சாதாரண சைக்கிள்தான். பிரைடில்வேயில் தாராளமாகப் போகலாம்.

இன்னொருவர் உண்ணி பற்றிக் கேட்டார். நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டிய விஷயம் இது. உண்ணி கடித்தால் லைம் நோய் வரலாம். பிராக்கன் என்ற பெரணிப் புதர்களை உரசிக்கொண்டு போன நாளில் வீட்டுக்கு வந்ததும் முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள் எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் நேராக மேலே இழுங்கள். அடுத்த வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகத் தடிப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போய், காட்டுக்குப் போனதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.