புலியின் குரலைப் பிரித்தறிவது எப்படி?

புலி ஒலியெழுப்பும்போது, முதலில் அதன் வாய் திறந்திருக்கிறதா என்று கவனியுங்கள். வாயை மூடியபடி, மூக்கின் வழியே ‘புஃப், புஃப்’ என்று காற்றை மென்மையாக விட்டுவிட்டு ஊதினால், அது நட்பின் அடையாளம். தாய்ப்புலி குட்டிகளிடமும், இணைசேரும் புலிகள் ஒன்றுக்கொன்றும் இவ்வாறே அன்பைத் தெரிவிக்கின்றன. புலியின் குரல்களில் இத்தனை கனிவானது வேறில்லை என்பேன்.

சுமார் 3 கிலோமீட்டர் வரை எட்டக்கூடிய நீண்ட கர்ஜனை, தொலைவிலுள்ள புலிகளுக்குத் தன் இருப்பை அறிவிக்கவும், இணையை அழைக்கவும் பயன்படுகிறது. அதில் நம் செவிக்கு எட்டாத, 20 ஹெர்ட்ஸுக்கும் குறைவான அதிர்வெண் கொண்ட ஒலியும் கலந்திருக்கிறது.

காதுகளை மடக்கி, கோரைப்பற்கள் தெரியச் சீறினாலோ, அடித்தொண்டையில் உறுமினாலோ, அது எச்சரிக்கை. முதுகைக் காட்டி ஓடாமல், அதைப் பார்த்தபடியே மெல்லப் பின்வாங்குங்கள்.