ஆண்டவர் வருகைக்கு ஆயத்தம்: திருவருகைக்காலத்தில் நாம் விடும் தவறுகள்

நத்தாருக்கு (கிறிஸ்மஸுக்கு) முந்திய நாலு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு நற்செய்தியில் மாட்டுத்தொழுவமும் இல்லை, இடையர்களும் இல்லை. மூன்று ஆண்டுச் சுற்றில் மத்தேயு 24, மாற்கு 13, லூக்கா 21 என்று மாறி மாறி வாசிக்கிறோம். மூன்றிலும் ஒரே பேச்சுத்தான்: தலைவர் திரும்பி வருவார், விழிப்பாயிருங்கள். டிசம்பர் 16 வரை திருவழிபாட்டின் கண் மீண்டும் வரப்போகும் ஆண்டவர் மீதே இருக்கிறது. 17ஆம் திகதியில் இருந்துதான் அது பெத்லகேம் பக்கம் முழுதாகத் திரும்புகிறது. ஆனால் திருகோணமலையில் நம் வீடுகளில் நவம்பர் கடைசியிலேயே நத்தார் தொடங்கிவிடுகிறது. இருபத்திரண்டு முதல் இருபத்தெட்டு நாள் வரை நீளும் இந்தக் காலம் முழுவதையும் பண்டிகைச் சாமான் வாங்கும் காலமாக்கிவிடுவதுதான் முதல் தவறு. மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்தே முளைக்கின்றன.

வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பதிலோ பிள்ளைகளுக்கு உடுப்பு எடுப்பதிலோ பாவம் இல்லை. சந்தோசப்பட நமக்கும் உரிமை உண்டு. ஆனால் இந்த ஊரில் டிசம்பர் என்றால் என்ன மாதம் என்று யோசித்துப் பாருங்கள். வாடைக் காற்றுக்குக் கடல் பொங்கி நிற்கும். திருக்கடலூர்ப் பக்கம் தொழிலுக்குப் போகிறவர்களின் வள்ளங்கள் பல நாள் கரையிலேயே கிடக்கும். கூலி வேலைக்குப் போகிறவர்களை மழை மறிக்கும். கையில் காசு மிகக் குறைவான அந்த நேரத்தில்தான் தோடு அடகுக்குப் போகிறது, சீட்டைக் கழித்து எடுக்கிறார்கள், கைமாற்று வாங்குகிறார்கள். ஜனவரியில் பள்ளிக்கூடச் செலவு வந்து நிற்கும்போது வீட்டுக்குள் சண்டை. குடிவெறியால் மட்டுமல்ல, வாழ்க்கைக் கவலைகளாலும் உள்ளம் மந்தமாகிவிடக் கூடாது என்று லூக்கா 21இல் இயேசு எச்சரிக்கிறார். அந்தக் கவலையை நாமே கடன் பட்டு வாங்கி வரலாமா?

அடுத்தது, நாள் குறிக்கும் தவறு. ஒவ்வொரு டிசம்பரிலும் யாராவது ஒரு குரல் பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள்: போர் நடக்கிறது, வெள்ளம் வருகிறது, உலகம் அடுத்த ஆண்டைத் தாண்டாது. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியாரின் கணக்கை நம்பி, 1844 அக்டோபர் 22ஆம் திகதி ஆண்டவர் வருவார் என்று ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள். வயலில் அறுவடையை அப்படியே விட்டுவிட்டு வந்தவர்களும் அதில் உண்டு. அங்கேயே வானொலியில் பிரசங்கித்த ஹரோல்ட் காம்பிங் 2011 மே 21ஐச் சொன்னார். இரண்டு நாளும் மற்ற நாட்களைப் போலவே விடிந்து அடைந்தன. அந்த நாளும் வேளையும் தந்தைக்கு மட்டுமே தெரியும் என்று ஆண்டவர் சொன்ன பிறகு நமக்கு ஏன் இந்தக் கணக்கு? போர்களையும் நிலநடுக்கங்களையும் பற்றிப் பேசும் அதே இடத்தில், திகிலடையாதீர்கள், உடனே முடிவு வராது என்றும் அவர் சொல்லியிருக்கிறார். பதிவை அனுப்புகிறவர்கள் அந்த வரியை வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

நம் ஊரில் இந்தத் தவறுக்கு இன்னொரு முகமும் உண்டு, அதுதான் அதிகம் நோகடிப்பது. 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை காலை. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. நம் கரையிலும் இழப்பில்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அது பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்றும், வருகைக்கு அடையாளம் என்றும் இன்றும் மேடையில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததைப் பற்றி லூக்கா 13இல் இயேசுவே பேசுகிறார். அவர்கள் எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும் விடக் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தாய் நாலாவது வாங்கில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதைப் பிரசங்கம் செய்கிறவர் மறக்கக் கூடாது.

இதற்கு எதிர்ப் பக்கத்துத் தவறு சத்தமில்லாதது: அவர் வரவே மாட்டார் என்பது போல வாழ்வது. விசுவாச அறிக்கையில் சொல்கிறோம், பூசையில் 'நீர் வருமளவும்' என்று பாடுகிறோம், வெளியே வந்ததும் மறந்துவிடுகிறோம். மத்தேயு 24இன் கடைசியில் வரும் பணியாளன் தலைவரை மறுக்கவில்லை. அவர் வரச் சுணங்கும் என்று மட்டும்தான் உள்ளத்தில் நினைத்தான். பிறகு என்ன செய்தான் என்று பாருங்கள்: உடன் பணியாளர்களை அடித்தான், குடிகாரரோடு சேர்ந்து உண்டு குடித்தான். அவனிடம் கொடுத்திருந்த வேலையோ, வீட்டாருக்கு நேரத்துக்குச் சாப்பாடு கொடுப்பது.

எனக்கு இந்த உவமையில்தான் முழு ஆயத்தமும் இருக்கிறது. தலைவர் வந்து பார்க்கப்போவது, அவர் இல்லாத நேரத்தில் பக்கத்தில் இருந்தவர்களை நாம் எப்படி நடத்தினோம் என்பதை.

யாக்கோபு திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தை இந்த நாட்களில் ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். ஆண்டவரின் வருகை அண்மையில் உள்ளது, நடுவர் வாசலில் நிற்கிறார் என்று அங்கே வருகிறது. அதற்கு நாலைந்து வசனம் முன்னால், வயலில் அறுவடை செய்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று இருக்கிறது. அதை வாசிக்கும்போது எனக்கு நம் ஊர் பெயின்ற் வேலைதான் நினைவுக்கு வரும். டிசம்பர் நடுவில் எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் ஆள் வேண்டும். மழை விட்ட இரண்டு நாளில் முன் சுவரையும் கேற்றையும் முடித்துத் தருகிறார்கள். கடைசியில் 'தம்பி, நத்தார் முடியட்டும், பாத்துத் தாறன்' என்று பாதிக் காசோடு அனுப்பிவிடுகிறோம். அந்தத் தம்பி வீட்டிலும் பிள்ளைகள் இருக்கும். அவர் இந்துவாகவோ முஸ்லிமாகவோ இருந்தாலும் கணக்கு அதேதான். குடிலுக்கு மின்குமிழ் வாங்க முன்னம் அந்த மிச்சக் காசைக் கொண்டுபோய்க் கொடுங்கள். இதைவிட நேரடியான வருகை ஆயத்தம் எனக்குத் தெரியாது.

திருமுழுக்கு யோவானும் இப்படித்தான் பேசினார். 'நாங்கள் என்ன செய்ய வேண்டும்?' என்று கேட்டவர்களுக்கு அவர் பொதுப் பதில் கொடுக்கவில்லை, ஆளுக்கு ஆள் தொழில் பார்த்துச் சொன்னார். இரண்டு அங்கி உள்ளவர் இல்லாதவரோடு பகிர வேண்டும். வரி தண்டுகிறவர் விதித்ததற்கு மேல் கேட்கக் கூடாது. படைவீரர் யாரையும் மிரட்டிப் பணம் பறிக்கக் கூடாது. அவர் இன்று நம் பஸ் நிலையத்தடியில் நின்றால் ஓட்டோ ஓட்டுகிறவருக்கு ஒன்று சொல்வார், கந்தோரில் கோப்பை இழுத்தடிக்கிறவருக்கு ஒன்று சொல்வார், ரியூஷன் காசு கட்டாத பிள்ளையை வெளியே நிறுத்துகிறவருக்கும் ஒன்று சொல்வார். 'இன்னும் அதிகமாகச் செபிக்கிறேன்' என்று பொதுவாகத் தீர்மானம் எடுப்பதுதான் இங்கே நடக்கும் தவறு. நல்ல தீர்மானத்தில் ஒரு பெயரும் ஒரு நாளும் இருக்கும்.

கோபம் வைத்துக்கொண்டு காத்திருப்பதும் அப்படித்தான். கனடாவில் இருந்து மகன் வருகிறான் என்றால் அம்மா படுக்கை விரிப்பு மாற்றுவார், மீன் சொல்லி வைப்பார். ஆனால் அவர் முதலில் செய்வது, பேசாமல் இருக்கும் இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டு 'அவன் வாற நேரம் இந்த முகத்தோடு நிக்காதேங்கோ' என்று சொல்வதுதான். காணி எல்லைக்கும் சீதனப் பேச்சுக்கும் முறிந்த உறவுகள் இந்த ஊரில் எத்தனை! பாவசங்கீர்த்தனத்துக்குப் போக வேண்டும், கட்டாயம் போக வேண்டும். நத்தாருக்கு முந்திய நாள் வரிசையில் நின்று அவசரமாகச் சொல்வதை விட இரண்டாம் வாரமே போனால் சுவாமியோடு ஆறுதலாகப் பேசலாம். ஆனால் காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரரிடம் போ என்று மத்தேயு 5இல் சொன்னது ஆண்டவரே. கோயிலுக்குப் போகும் வழியில்தானே அந்த வீடும் இருக்கிறது.

இன்னொன்றை மிகுந்த கவனத்தோடு சொல்ல வேண்டும். வருகையின் நம்பிக்கையை வைத்து அழுகிறவர்களின் வாயை அடைப்பது பெருந்தவறு. 2006 ஜனவரி 2ஆம் திகதி நம் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அந்தக் குடும்பங்களுக்கு நீதி கிடைக்கவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்காக வீதியோரம் இருந்த அம்மாக்களும் நம் ஊரில் உண்டு. அவர்களிடம் போய், ஆண்டவர் வந்து பார்த்துக்கொள்வார், விடுங்கோ என்றால் அது ஆறுதல் ஆகாது. தீர்ப்பளிக்க வருகிறார் என்று நம்புகிறவர்கள், எந்தக் கணக்கும் மூடப்படவில்லை என்று நம்புகிறவர்கள். அப்படியானால் நாம் அந்தக் குடும்பங்களின் பக்கத்தில் போய் இருக்க வேண்டும், அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும், பொதுமன்றாட்டில் அவர்களுக்காக வாய் திறந்து செபிக்க வேண்டும்.

பங்கு நிகழ்ச்சிகள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கரோல் ஒத்திகை, குடில் போட்டி, ஒளிவிழா என்று ஒவ்வொரு மாலையும் நிரம்பிவிட்டால் செபிக்க யாருக்கும் நேரம் மிஞ்சாது. ஒன்றிரண்டைக் குறைத்தால் நத்தார் குறைந்துவிடாது. கத்தோலிக்கர், மெதடிஸ்தர், அங்கிலிக்கன் என்று பலரும் இன்று மெழுகுதிரி வைத்து ஏற்றும் வருகை வளையம்கூட அலங்காரத்துக்காக வந்ததில்லை. 1839இல் ஹம்பர்க் நகரில் யோகான் வீகெர்ன் என்ற லூத்தரன் போதகர், தன் இல்லத்தில் சேர்த்துக்கொண்ட ஏழைப் பிள்ளைகளுக்காகச் செய்தது அது. நத்தாருக்கு இன்னும் எத்தனை நாள் என்று அவர்கள் எண்ணுவதற்காக.

டிசம்பர் 17க்குப் பிறகுதான் இதை வாசிக்கிறீர்கள் என்றால் எல்லாவற்றையும் இழுத்துப் போட வேண்டாம். கொடுக்க வேண்டிய காசு ஒன்று, பேச வேண்டிய ஆள் ஒருவர் என்று இரண்டை மட்டும் எடுங்கள். காசை இன்றைக்கே கொடுங்கள். ஆளிடம் போன் எடுக்காமல் நேரில் போங்கள், முடிந்தால் வீட்டில் சுட்ட பலகாரத்தில் கொஞ்சத்தைக் கையில் கொண்டு போங்கள். அவர் கதவைத் திறக்காவிட்டால், நத்தார் முடிந்து வருசப் பிறப்புக்கு முன்னம் இன்னொரு தரம் போய்ப் பாருங்கள்.