சுற்றுலாவில் தலை எண்ண வேண்டாம், எண் சொல்லச் சொல்லுங்கள்

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போகும்போது தலையை எண்ணாதீர்கள். வருகைப் பதிவேட்டில் உள்ள வரிசை எண்ணை ஜூன் மாதமே ஆளுக்கொன்றாகப் பழக்கிவிட்டு, பேருந்தில் ஏறியதும் ஒன்றிலிருந்து வரிசையாகக் கையைத் தூக்கிச் சொல்லச் சொல்லுங்கள்.

தலையை எண்ணினால் 35க்கு 34 என்று மட்டும்தான் தெரியும். யார் இல்லை என்று பார்க்க மறுபடி பெயர் வாசிக்க வேண்டும். இதில் 17க்குப் பிறகு சத்தம் நின்றால் 18ஐத் தேடினால் போதும். அன்று வராத பிள்ளையின் எண்ணை அதற்கு முந்தைய எண்காரர் "18 வரல" என்று சேர்த்துச் சொல்லட்டும். கை தூக்குவது முக்கியம், ஏனென்றால் தோழனுக்காகக் குரல் கொடுக்கும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. அதே எண்ணைத் தண்ணீர் பாட்டில், சாப்பாட்டுப் பை, செயல்பாட்டுத் தாள் எல்லாவற்றிலும் எழுதிவிட்டால் ஆண்டு முழுக்க உதவும்.

ஒன்றாம் வகுப்புக்கு முதல் பருவத்தில் இது சரிவராது, எண் வரிசை இன்னும் பழகியிருக்காது. அங்கே இருவர் இருவராகக் கைகோத்து நிற்க வைத்து ஜோடிகளை எண்ணுங்கள். எழும்பூர் அருங்காட்சியகக் கூடங்களுக்குள்ளும் வேண்டாம். வாசலில் ஒரு முறை, வெளியே வந்ததும் ஒரு முறை போதும். அப்புறம், அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை. நாள் குறிக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.