பழைய பைப்பர் ஜே-3க்கு மாற்று புரொப்பெல்லர் தேர்ந்தெடுப்பது எப்படி?

பென்சில்வேனியாவின் லாக் ஹேவன் ஊரில் பைப்பர் நிறுவனம் 1938 முதல் 1947 வரை செய்து தள்ளிய ஜே-3 கப் விமானங்கள் சுமார் 20,000. மஞ்சள் நிறம், துணி போர்த்திய உடல், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இருக்கை. அமெரிக்காவின் புல்தரை ஓடுபாதைகளில் இன்றும் இவை பறந்துகொண்டிருக்கின்றன. வயதான விமானம் என்பதால் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் புரொப்பெல்லரை மாற்ற வேண்டி வரும். மரத்தில் விரிசல் விட்டிருக்கும், அலுமினியம் அரம் போட்டுப் போட்டு மெலிந்திருக்கும், இல்லையென்றால் யாராவது தரையில் இடித்துவைத்திருப்பார்கள்.

அந்த நேரத்தில் பலரும் விற்பனைப் பட்டியலைத் திறந்து, வார்னிஷ் மினுக்கும் ஒன்றைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். கடை கடைசியில்தான் வர வேண்டும். முதலில் எஞ்சின், அடுத்து காகிதம், அதன் பிறகு நீங்கள் பறக்கும் விதம். இங்கே ஜே-3ஐ வைத்துச் சொல்கிறேன். ஏரோன்கா சாம்ப், டெய்லர்கிராஃப்ட் போன்ற பழைய சிறு விமானங்களை வைத்திருப்பவர்களுக்கும் வழி இதேதான், எண்கள்தான் வேறு.

படி 1: எஞ்சின் தகட்டைப் படியுங்கள்

விமானத்தின் பெயரை நம்பி புரொப்பெல்லர் வாங்காதீர்கள். பெரும்பாலான ஜே-3களில் இருப்பது கான்டினென்டல் நிறுவனத்தின் ஏ-65 எஞ்சின். நிமிடத்துக்கு 2300 சுற்றில் 65 குதிரைத்திறன் தரும். ஆனால் எழுபது எண்பது ஆண்டுகளில் பல கைகள் மாறியிருக்கும். இடையில் யாரோ ஒருவர் 2575 சுற்றில் 85 குதிரைத்திறன் தரும் சி-85ஐயோ, 2750 சுற்றில் 100 தரும் ஓ-200ஐயோ பொருத்தியிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். ஏ-65க்கு ஏற்ற புரொப்பெல்லரை ஓ-200இல் மாட்டினால் எஞ்சின் வரம்பு மீறிச் சுற்றும். ஓ-200க்கு உரியதை ஏ-65இல் மாட்டினால் விமானம் தவழும். (நம் நாட்டில் எச்.ஏ.எல். 1958இல் பறக்கவிட்ட புஷ்பக் பயிற்சி விமானமும் இதே குடும்பத்து சி-90 எஞ்சினில்தான் ஓடியது.)

எஞ்சின் பெயரின் வால் எழுத்தையும் பாருங்கள். ஏ-65-8 என்று மட்டும் இருந்தால், புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டான கிராங்க்‌ஷாஃப்ட் முனை கூம்பாக இருக்கும்; தனியாக ஹப் என்ற மையத் துண்டைச் செருகி, அதன்மேல் புரொப்பெல்லரைப் பூட்ட வேண்டும். ஏ-65-8எஃப் என்றால் முனையிலேயே தட்டையான வட்டத் தகடு, அதாவது ஃபிளாஞ்ச், உண்டு. இந்த எஞ்சின்களின் ஃபிளாஞ்ச் எஸ்.ஏ.இ. 1 என்ற தர அளவு வகை: ஆறு போல்ட்டுகள், அவை அமையும் வட்டத்தின் விட்டம் 4 3/8 அங்குலம். லைகமிங் என்ற இன்னொரு நிறுவனத்தின் எஞ்சின்கள் பலவற்றில் இருப்பது 4 3/4 அங்குல வட்டம் கொண்ட எஸ்.ஏ.இ. 2. விளம்பரத்தில் "சிறு விமான புரொப்பெல்லர், நல்ல நிலை" என்று மட்டும் போட்டிருந்தால் இந்த அளவைக் கேட்காமல் பணம் அனுப்ப வேண்டாம்.

படி 2: விவரத்தாளில் உங்கள் இணை இருக்கிறதா?

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ., ஒவ்வொரு விமான வகைக்கும் ஒரு சான்றிதழ் விவரத்தாள் வெளியிடுகிறது. இலவசமாகக் கிடைக்கும். ஜே3சி வகைக்கான தாளின் எண் ஏ-691. எந்த எஞ்சினோடு எந்த புரொப்பெல்லர் செல்லும், அதன் விட்டம் எதிலிருந்து எதுவரை இருக்கலாம், விமானம் நின்ற நிலையில் முழு த்ராட்டில் (எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடி) கொடுத்தால் எத்தனை சுற்று வர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். இந்த நின்றநிலைச் சுற்றுக்கு மேல் எல்லை, கீழ் எல்லை இரண்டும் உண்டு. "கொஞ்சம் முன்னே பின்னே" என்ற சலுகை கிடையாது.

தாளில் இல்லாத புரொப்பெல்லர் என்றால், அந்த மாற்றத்துக்கென்று யாராவது தனிச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் எஃப்.ஏ.ஏ.விடம் உங்கள் விமானத்துக்கு மட்டும் ஒப்புதல் கேட்க வேண்டும். முதல் தடவை மாற்றுகிறவர் அந்த வழிக்குப் போகாமலிருப்பது நல்லது என்பேன். எஞ்சின் மாற்றப்பட்ட விமானமாக இருந்தால், அந்த மாற்றத்துக்கான ஆவணத்திலேயே புரொப்பெல்லர் பட்டியலும் இருக்கும். விமானத்தின் பழைய பதிவேடுகளில் தேடுங்கள்.

படி 3: புரொப்பெல்லரின் நடுவில் குத்தியிருக்கும் எண்ணைப் புரிந்துகொள்ளுங்கள்

ஜே-3க்கு மிகவும் பழகிய மர புரொப்பெல்லர் சென்செனிச் நிறுவனத்தின் டபிள்யூ72சிகே42. முதலெழுத்து மரம் என்பதைக் குறிக்கிறது. 72 என்பது விட்டம், அங்குலத்தில். நடுவில் உள்ள எழுத்துகள் வடிவமைப்பின் பெயர். கடைசி 42 பிட்ச், அதுவும் அங்குலத்தில்தான்.

பிட்ச் என்றால், காற்று கொஞ்சமும் வழுக்காமல் பிடி கொடுத்தால் ஒரு சுற்றில் புரொப்பெல்லர் எவ்வளவு தூரம் முன்னேறும் என்ற கணக்கு. சுற்று எண்ணிக்கையை பிட்சால் பெருக்கி 1056ஆல் வகுத்தால் மணிக்கு எத்தனை மைல் என்று வந்துவிடும். 2150 சுற்றில் 42 அங்குல பிட்சுக்குக் கிடைப்பது சுமார் 85 மைல். ஜே-3 நிதானமாகப் பறப்பது 75 மைலை ஒட்டி. இடையில் உள்ள வித்தியாசம் வழுக்கலில் போகிறது. அதைக் கண்டு கவலைப்பட வேண்டாம். சற்றாவது வழுக்கினால்தான் புரொப்பெல்லர் காற்றைப் பின்னுக்குத் தள்ள முடியும்.

பிட்ச் குறைந்தால் பிளேடு காற்றை மெல்லியதாகச் சீவும், எஞ்சின் எளிதாகச் சுற்றும், ஏற்றம் நன்றாக இருக்கும். மலைப்பாதையில் பேருந்து சின்ன கியரில் ஏறுவது போலத்தான். சமதளத்தில் அதே கியரில் போனால் சத்தம்தான் மிஞ்சும். பிட்ச் கூடினால் நேர்மாறு: புறப்பட நேரம் எடுக்கும், மேலே போன பிறகு வேகம் கிடைக்கும். பிட்சில் ஓர் அங்குலம் குறைத்தால் நின்றநிலைச் சுற்று சுமார் 25 கூடும் என்பது மெக்கானிக்குகள் தோராயமாகச் சொல்லும் கணக்கு. பேச்சைத் தொடங்க இது போதும். கையெழுத்துப் போடுவதற்கு விவரத்தாள்தான் வேண்டும்.

விட்டம் கூடினால் குறைந்த வேகத்தில் இழுவை நன்றாக இருக்கும். அதற்காக நீட்டிக்கொண்டே போக முடியாது. 72 அங்குல புரொப்பெல்லர் 2300 சுற்றில் ஓடும்போது அதன் நுனி நொடிக்கு 220 மீட்டர் வேகத்தில் போகிறது. ஒலியின் வேகம் 340. அதை நெருங்க நெருங்க எஞ்சின் தரும் சக்தி இழுவையாக மாறாமல் இரைச்சலாக வீணாகும்.

படி 4: எங்கே, எப்படிப் பறக்கிறீர்கள்?

புல்தரை, குட்டை ஓடுபாதை, முன்னிருக்கையில் ஒருவர் என்றால் பிட்சைக் குறைவாக வையுங்கள். கொலராடோவின் லெட்வில் போல 9,900 அடிக்கு மேல் உள்ள விமான நிலையங்களுக்குப் போகிறவர்களுக்கும் இதேதான். காற்று மெலிந்த உயரத்தில் எஞ்சினிடம் மிச்சமிருக்கும் சக்தியை ஏற்றத்துக்குத் திருப்புவதே புத்தி. நீண்ட தார்ப்பாதையிலிருந்து தனியாக ஊர் ஊராகப் போகிறவர்கள் பிட்சைச் சற்று கூட்டிக்கொள்ளலாம். ஆனாலும் ஜே-3இல் வேகத்தைத் தேடுவது எனக்குப் புரியாத ஆசை. அதிக பிட்சால் கிடைப்பது மணிக்குச் சில மைல். அதற்காகப் புறப்படும்போது ஓடுபாதைக் கடைசி மரங்களை அண்ணாந்து பார்க்க வேண்டுமா?

படி 5: பழையது என்ன சொல்கிறது என்று அளந்து பாருங்கள்

பழைய புரொப்பெல்லர் இன்னும் ஓட்டும் நிலையில் இருந்தால் கழற்றுவதற்கு முன்னால் ஒரு சோதனை. காற்றில்லாத காலை, எஞ்சின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும், கார்புரேட்டர் ஹீட் (கார்புரேட்டரில் பனி படியாமல் சூடான காற்றை விடும் அமைப்பு) அணைந்திருக்க வேண்டும், சக்கரங்களுக்குக் கட்டை, வாலுக்குக் கயிறு. முழு த்ராட்டில் கொடுத்துச் சுற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். விமானத்தின் பழைய முள் மீட்டரை நம்பாதீர்கள். நூறு சுற்று வரை பொய் சொல்லும் மீட்டர்கள் சாதாரணம். ஒளியை வைத்து அளக்கும் சிறிய கைக்கருவியைக் கடன் வாங்கியாவது பயன்படுத்துங்கள்.

எண் குறைவாக வந்தால் உடனே பிட்சைக் குறை சொல்ல வேண்டாம். சிலிண்டரில் அழுத்தம் கசியலாம், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ நேரம் தவறியிருக்கலாம், த்ராட்டில் கம்பி முழுதாகத் திறக்காமல் இருக்கலாம். சோர்ந்த எஞ்சினுக்குக் குறைந்த பிட்ச் மாட்டினால் நோய் மறைந்துவிடும், போகாது.

படி 6: மரமா, உலோகமா?

உலோக புரொப்பெல்லரின் பிளேடு மெல்லியது, அதனால் செயல்திறன் சற்று கூடும். மழையில் பறந்தாலும் விளிம்பு அரிக்காது. எடை அதிகம் என்பதால் எஞ்சின் சும்மா ஓடும்போது சீராக ஓடும். ஸ்டார்ட்டர் இல்லாத ஏ-65ஐக் கையால் சுற்றிக் கிளப்புகிறவர்களுக்கு இது ஒரு வசதி.

எடை கூடுவதால் விமானத்தின் எடைச் சமநிலைக் கணக்கைத் திருத்தி எழுத வேண்டும். உலோகம் அதிர்வை உள்ளே அடக்காது. சில எஞ்சின்-புரொப்பெல்லர் இணைகளில் குறிப்பிட்ட சுற்று வரம்பில் தொடர்ந்து ஓட்டக் கூடாது என்ற தடையே இருக்கிறது. கல் பட்டு விளிம்பில் விழும் சின்னக் கீறலிலிருந்து உலோகச் சோர்வு தொடங்கி, பிளேடின் நுனி பறந்துபோகலாம். நுனியைத் தானே வெட்டிக் குட்டையாக்கினாலும் அதிர்வின் தன்மை மாறிவிடும் என்பதால், சான்று பெற்ற புரொப்பெல்லர் பட்டறையைத் தவிர வேறு யாரும் அதில் கை வைக்கக் கூடாது.

மரம் அதிர்வை விழுங்கும். தரையில் இடித்தால் அது சிதறிப்போகும், கிராங்க்‌ஷாஃப்ட் தப்பிக்க வாய்ப்பு அதிகம். (தப்பித்ததா என்று சோதிக்காமல் மறுபடி கிளப்பக் கூடாது என்பது வேறு.) பதிலுக்கு அது கவனிப்பு கேட்கும். பருவம் மாறும்போது ஈரத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும், போல்ட் இறுக்கம் மாறும். விமானத்தை நிறுத்தும்போது பிளேடுகளைப் படுக்கைவாட்டில் விட வேண்டும். செங்குத்தாக விட்டால் ஈரம் கீழ் பிளேடில் இறங்கி எடை ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

வெயில் நாளில் புல்தரையில் ஓட்டும் ஜே-3க்கு நான் மரத்தைத்தான் சொல்வேன், அதிலும் மேலே சொன்ன 72க்கு 42.

படி 7: பழையதை வாங்குவதானால்

மர புரொப்பெல்லரில் முதலில் பார்க்க வேண்டியது பின்பக்கம், ஹப்பில் உட்காரும் முகம். அங்கே கருகல் தெரிந்தால் போல்ட் தளர்ந்து, உராய்ந்து சூடேறியிருக்கிறது. அதைச் சுவரில் மாட்டலாம், விமானத்தில் மாட்டக் கூடாது. போல்ட் துளைகள் முட்டை வடிவமாகியிருந்தாலும், பசை ஒட்டிய கோடுகள் பிரிந்திருந்தாலும் அதே தீர்ப்பு.

உலோகத்தில் வரிசை எண்ணும் பதிவேடும் ஒத்துப்போக வேண்டும். விட்டம், அகலம், தடிமன் மூன்றும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போயிருந்தால் எந்தப் பட்டறையும் அதைத் தேற்ற முடியாது. பட்டறையின் அளவுச் சீட்டு இல்லாமல் விலை பேசாதீர்கள்.

படி 8: பொருத்துவது

இது சான்று பெற்ற மெக்கானிக்கின் வேலை. நீங்கள் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுக்கலாம், கேள்வி கேட்கலாம். மேக்னெட்டோ சுவிட்ச் அணைந்திருந்தாலும் உள்ளே கம்பி அறுந்திருந்தால் எஞ்சின் பற்றிக்கொள்ளும். புரொப்பெல்லரை எப்போதும் உயிருள்ளதாகவே நினைத்துத் தொடுங்கள்.

மரத்துக்கும் உலோகத்துக்கும் போல்ட் நீளம் வேறு. மரத்துக்கு முன்பக்கம் ஒரு தகடும் வேண்டும். டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் சாவி) தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு, எதிரெதிர் போல்ட்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். கையால் கிளப்பும் விமானத்தில் ஆறு துளைகளில் எதில் மாட்டுகிறோம் என்பதும் முக்கியம். எஞ்சின் அழுத்தம் ஏறும் தருணத்தில் பிளேடு கைக்கு வசதியான உயரத்தில், படுக்கைவாட்டிலிருந்து சற்று மேலே நிற்க வேண்டும்.

பிறகு நுனிகளின் பாதையைச் சரிபாருங்கள். ஒரு நுனிக்கு எதிரே அசையாத குச்சி ஒன்றை நிறுத்தி, கையால் அரைச் சுற்று திருப்பி, அடுத்த நுனி எங்கே வருகிறது என்று அளக்க வேண்டும். ஆறடி புரொப்பெல்லருக்கு வித்தியாசம் மரத்தில் 1/8 அங்குலம், உலோகத்தில் 1/16 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. சரியாக இருந்தால் போல்ட் தலைகளை, தானாகக் கழலாமல் இருக்க, சேஃப்டி வயரால் பிணைத்துவிட்டு, படி 5இல் செய்த நின்றநிலைச் சோதனையை மறுபடி செய்யுங்கள். எண் ஏ-691இன் எல்லைக்குள் விழுந்தால் மெக்கானிக் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடுவார். மரமாக இருந்தால் முதல் பறப்பு முடிந்ததும் ஒரு தடவை, 25 மணி நேரம் பறந்ததும் இன்னொரு தடவை, வயரை அறுத்து போல்ட் இறுக்கத்தைப் பார்த்துவிட்டுப் புது வயர் போடச் சொல்லுங்கள்.