ஆப்கான் ஊர்ச் சண்டைகளைப் புரிந்துகொள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆப்கானிஸ்தானிலிருந்து வரும் செய்திகளில் ஊர் பெயர் இருக்கும், இறந்தவர்களின் எண்ணிக்கை இருக்கும், மோதிய இரு தரப்புக்கும் ஆளுக்கொரு பெயர் இருக்கும்: தாலிபான், 2021 வரை இருந்த அரசுப் படை, பஷ்தூன் இனம், ஹசாரா இனம். எதற்காக மோதினார்கள் என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. அந்த வெற்றிடத்தை நாமே "இனப்பகை", "மதவெறி" என்று நிரப்பிக்கொள்கிறோம். அங்கே கிராமத்துச் சண்டைகள் பெரும்பாலும் நிலத்தில் தொடங்குகின்றன. இல்லையென்றால் தண்ணீரில், மேய்ச்சல் காட்டில், நின்றுபோன கல்யாணத்தில், தீர்க்கப்படாத ஒரு பழைய கொலையில். பெரிய பெயர்கள் பிறகுதான் வந்து ஒட்டிக்கொள்கின்றன. இதைத் தவறாகப் புரிந்துகொண்டதால் அந்த நாட்டில் உயிர்கள் போயிருக்கின்றன. அதனால்தான் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் வந்து சொன்னவரை நம்பிவிடுவது

2002 ஜனவரியில் உருஸ்கான் மாகாணத்தின் காஸ் உருஸ்கானில் அமெரிக்கப் படை ஓர் இரவுத் தாக்குதல் நடத்தியது. கிட்டத்தட்ட 20 பேர் கொல்லப்பட்டார்கள், 27 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு பார்த்தால், பிடிபட்டவர்களில் ஒருவர்கூட தாலிபானும் இல்லை, அல் காய்தாவும் இல்லை. அன்று ஆட்சித் தலைவராக இருந்த ஹமீத் கர்சாயின் அரசுக்கு ஆதரவாக ஆயுதங்களைச் சேகரித்துக்கொண்டிருந்த ஆட்கள் அவர்கள். அந்த வட்டாரத்தின் நிர்வாகத்துக்கு இரண்டு கோஷ்டிகள் உரிமை கொண்டாடின. எதிரியைத் "தாலிபான்" என்று சொல்லிவிட்டால் மீதி வேலையை வெளிநாட்டு விமானம் பார்த்துக்கொள்ளும் என்பதை உள்ளூர்ப் போட்டியாளர்கள் மிக விரைவில் கற்றுக்கொண்டார்கள்.

இது ஒரு நாள் விபத்தாக முடிந்துபோகவில்லை. அதே உருஸ்கானில் 2006 வரை ஆளுநராக இருந்த ஜான் முகமது கான், கர்சாயைப் போலவே போபல்சாய் குலத்தைச் சேர்ந்தவர். அவர் காலத்தில் போட்டிக் குலங்களின் பெரியவர்கள் பலர் தாலிபான் என்று முத்திரை குத்தப்பட்டு விரட்டப்பட்டார்கள். போக்கிடம் இல்லாமல் அவர்களில் சிலர் உண்மையாகவே தாலிபான் பக்கம் போனார்கள். குனார் மாகாணத்தின் கோரெங்கல் பள்ளத்தாக்கில் மரம் வெட்டி விற்பதுதான் பிழைப்பு. அங்கே அமெரிக்க முகாம் அமைந்ததே ஒரு மர அறுப்பு ஆலையில். மர வியாபாரத்தை இழந்தவர்கள் துப்பாக்கி எடுத்தபோது, அதை ஜிஹாத் என்ற ஒரே கணக்கில் எழுதினார்கள். 2010 ஏப்ரலில் அமெரிக்கப் படை அந்த முகாமைக் காலி செய்துவிட்டுப் போனது.

ஆகவே ஒரு தரப்பு சொன்னதும் குறிப்பேட்டை மூடிவிடக் கூடாது. எதிர்த்தரப்பைக் கேட்பதோடும் நிறுத்தக் கூடாது. பக்கத்து ஊர்க்காரர், கடைத்தெருவில் டீ விற்பவர், பள்ளி ஆசிரியர் போன்று இந்தச் சண்டையில் லாபமோ நஷ்டமோ இல்லாத ஒருவரிடம் கேட்க வேண்டும்: இந்த ஆள் ஜெயித்தால் அவருக்கு என்ன கிடைக்கும்?

இனத்தின் பெயரே காரணம் என்று நினைப்பது

இதற்கு மைதான் வார்தக் மாகாணத்தின் பெஹ்சூத் பகுதியைப் பார்க்கலாம். அங்கே குடியிருப்பவர்கள் ஹசாராக்கள், ஷியா முஸ்லிம்கள். கோடையில் ஆட்டு மந்தைகளோடு மேலே ஏறி வருபவர்கள் கூச்சி நாடோடிகள், பஷ்தூன்கள், சுன்னிகள். 2007, 2008, 2010 என்று திரும்பத் திரும்ப மோதல். வீடுகள் எரிந்தன, குடும்பங்கள் காபூலுக்கு ஓடின. வெளியிலிருந்து பார்த்தால் இனச் சண்டை, மதப் பிரிவுச் சண்டை. எழுதுவதற்கும் சுலபம்.

கொஞ்சம் பின்னால் போனால் வேறு கதை தெரியும். 1891 முதல் 1893 வரை, ஆப்கானிஸ்தானை ஆண்ட அமீர் அப்துர் ரஹ்மான் கான் ஹசாராக்களின் மீது கொடும்போர் நடத்தினார். தோற்கடித்த பிறகு, மத்திய மலைநாட்டின் மேய்ச்சல் நிலங்களைத் தன் ஆணைகளின் மூலம் பஷ்தூன் நாடோடிகளுக்குத் திறந்துவிட்டார். நாடோடிகள் ஆடுகளோடு மட்டும் வரவில்லை. துணி, தேயிலை, சர்க்கரை என்று கடனுக்கு விற்றார்கள். கடனை அடைக்க முடியாதவர்களின் நிலம் கைமாறியது. 1970-களின் இறுதியில் போர் தொடங்கியதும் நாடோடிகளின் வரத்து நின்றுபோனது. அந்த இடைவெளியில் ஹசாராக்கள் பழைய மேய்ச்சல் சரிவுகளில் மானாவாரி கோதுமை விதைத்தார்கள். ஊரில் ஜனத்தொகை கூடியது. வறட்சியில் கூச்சிகளின் மந்தைகள் அழிந்தன. இப்போது ஒரு தரப்பின் கையில் அமீரின் ஆணை, மறு தரப்பின் கையில் பல தலைமுறை உழவு. இரண்டு தரப்பிலும் ஏழைகள்தான் சாகிறார்கள். காபூலில் உட்கார்ந்திருந்த அரசியல்வாதிகளுக்கோ இது இரு பக்கமும் வாக்கு சேர்க்கும் விஷயமாக இருந்தது.

இதையெல்லாம் சொல்வதால் இனம் ஒரு பொருட்டே இல்லை என்று ஆகிவிடாது. ஹசாராக்கள் ஹசாராக்களாக இருப்பதாலேயே அடைந்த கொடுமைகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. அதை "வெறும் நிலத் தகராறு" என்று சுருக்குவதும் அநியாயம்தான். 2021 செப்டம்பரில் தாய்குண்டி, உருஸ்கான் பகுதிகளில் ஹசாரா குடும்பங்கள் நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்டன. நிலமும் இனமும் அங்கே ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. எந்த இழை எங்கே தொடங்குகிறது என்று பார்க்காமல் சமரசம் பேசப் போனால், அமீரின் ஆணையைப் பற்றியும் கடன் பத்திரத்தைப் பற்றியும் யாரும் வாயே திறக்காத கூட்டம்தான் நடக்கும்.

இன்னொன்று. பஷ்தூன்களுக்குள்ளேயே மிகக் கடுமையான பகை பெரும்பாலும் பங்காளிப் பகைதான். சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளுக்கு இடையே தாத்தா சொத்துக்காக நடப்பது. "இந்தக் குலம் முழுவதும் தாலிபான், அந்தக் குலம் முழுவதும் அரசு" என்று நிறம் தீட்டிய வரைபடங்களை நான் நம்புவதில்லை. ஒரே வீட்டில் ஒரு மகன் போலீஸிலும் மற்றொருவன் தாலிபானிலும் இருந்த குடும்பங்கள் உண்டு. யார் ஜெயித்தாலும் வீடு பிழைக்கட்டும் என்பதுதான் அவர்கள் கணக்கு.

தண்ணீரை என்ஜினியர் விஷயமாக மட்டும் பார்ப்பது

ஆப்கான் கால்வாய்ப் பாசனத்தில் பல இடங்களில் மீராப் என்றொருவர் இருக்கிறார். நிலமுள்ளவர்கள் கூடி அவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். யாருக்கு எத்தனை நேரம் தண்ணீர், எந்த மடையை எப்போது திறப்பது, தூர்வார எந்த ஊர் எத்தனை ஆள் அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. கூலி பெரும்பாலும் அறுவடையில் கோதுமையாகக் கொடுக்கப்படும். சில கால்வாய்களில் மீராபைக் கீழ்ப்பகுதி ஊரிலிருந்தே எடுப்பார்கள். தன் வயலுக்குத் தண்ணீர் வந்து சேர வேண்டுமானால் மேலே எல்லாரையும் அவர் ஒழுங்காக வைத்திருக்க வேண்டும் அல்லவா! பல தகராறுகள் அவர் அளவிலேயே முடிந்துவிடுகின்றன.

இப்படிப்பட்ட இடத்தில் உதவித் திட்டம் ஒன்று வந்து, கல்லும் சுள்ளியும் வைத்துக் கட்டிய பழைய தடுப்பை எடுத்துவிட்டு, மேல்பகுதியில் இரும்புக் கதவோடு கான்கிரீட் மதகு கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய தடுப்பு ஒழுகும். அந்த ஒழுகல்தான் கடைமடைக்குப் போகும் பங்கு. புது மதகு ஒழுகாது. கட்டியவர்கள் புகைப்படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்த கோடையில் கடைமடைக்காரன் மண்வெட்டியோடு மேலே ஏறுவான். 2003-இல் தொடங்கிய தேசிய ஒற்றுமைத் திட்டத்தில் ஊர்தோறும் வளர்ச்சி மன்றங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. கிணறு, சாலை, சிறு மின்நிலையம் எதுவென்று ஊரே முடிவு செய்தது. குறைகள் இருந்தாலும் அது நல்ல முயற்சி என்பதே என் கருத்து. ஆனால் கிணறு யார் வீட்டு வாசலில் தோண்டப்படுகிறது என்ற கேள்வி அங்கேயும் இருந்தது. பணம் உள்ளே வரும் எந்த வேலையும் ஊரின் பலாபலத்தை மாற்றும்.

ஜிர்காவைத் தலையில் தூக்கி வைப்பதும், தூக்கி எறிவதும்

பக்தியா, கோஸ்த் போன்ற கிழக்குப் பகுதிகளில் ஜிர்கா என்னும் பெரியவர்களின் பஞ்சாயத்து எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் அதன்மேல் மரியாதை வரும். முதலில் ஒரு தவணை குறித்துச் சண்டையை நிறுத்துகிறார்கள்; அதற்குக் கல் வைப்பது என்று பெயர். அப்புறம் இரு தரப்பும் தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தைப் பெரியவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். பணமோ துப்பாக்கியோ பிணையாக வைக்க வேண்டும். தீர்ப்பை மீறினால் அது போய்விடும். குற்றம் செய்த தரப்பு ஆட்டோடு எதிரியின் வாசலுக்குப் போய் மன்னிப்புக் கேட்பதும் உண்டு. வாசல் தேடி வந்தவரைத் திருப்பி அனுப்புவது அவமானம் என்பதால், பழிவாங்கத் துடிப்பவருக்கும் மானத்தோடு இறங்கி வர ஒரு படி கிடைக்கிறது. அரசு நீதிமன்றம் லஞ்சத்திலும் தாமதத்திலும் கிடந்த காலத்தில் ஜனங்கள் இங்கே வந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் இதே நடைமுறை நாடு முழுவதும் இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. வடக்கே தாஜிக், உஸ்பெக் ஊர்களில் வெள்ளைத்தாடிப் பெரியவர்களின் ஷூரா என்னும் மன்றத்துக்கு வேறு பழக்கம். அதில் போர்க்காலத் தளபதிகள் வந்து உட்கார்ந்துகொண்ட ஊர்களும் உண்டு.

இந்த மரியாதை கண்ணை மறைக்கக் கூடாத இடம் ஒன்று இருக்கிறது. கொலைக்கு ஈடாக ஒரு பெண்ணை, பெரும்பாலும் சிறுமியை, எதிரி வீட்டுக்கு மணமுடித்துக் கொடுக்கும் வழக்கம்தான் அது. பாத் என்பார்கள். இரண்டு குடும்பங்கள் கைகுலுக்கிக்கொள்ளும். தன் அண்ணனோ அப்பாவோ செய்த கொலைக்கு அந்தப் பெண் ஆயுள் முழுக்க அடி வாங்குவாள். 2009-இல் பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்புச் சட்டம் இதைக் குற்றமாக்கியது. 2021 டிசம்பரில் தாலிபான் தலைமையும், பகை தீர்க்கப் பெண்ணைக் கொடுக்கக் கூடாது என்று ஆணையிட்டது. அதே தலைமைதான் 2022 டிசம்பரில் தொண்டு நிறுவனங்களில் பெண்கள் வேலை செய்வதைத் தடுத்தது. பிறகு அந்தச் சிறுமியின் வீட்டுக்குள் போய், அவளிடமே கேட்டு வர யார் இருக்கிறார்கள்? மூத்த பெண்கள் ஜிர்கா வட்டத்தில் உட்காராவிட்டாலும், பகையை மூட்டுவதிலும் தணிப்பதிலும் அவர்கள் சொல்லுக்கு வீட்டுக்குள் கனம் உண்டு. ஆண்களிடம் மட்டும் பேசிவிட்டு "சமூகம் ஏற்றுக்கொண்டது" என்று அறிக்கை எழுதுவது பாதி உண்மைகூட ஆகாது.

கையெழுத்தானதும் முடிந்தது என்று கிளம்பிவிடுவது

2006-இல் ஹெல்மண்ட் மாகாணத்தின் மூசா கலா ஊர்ப் பெரியவர்கள் முன்னின்று ஓர் உடன்பாடு செய்தார்கள். அக்டோபரில் பிரிட்டிஷ் படை வெளியேறியது, பெரியவர்கள் ஊரைப் பொறுப்பெடுத்தார்கள். 2007 பிப்ரவரியில் தாலிபான் உள்ளே புகுந்துவிட்டது. பெரியவர்களுக்கு மனமில்லை என்று சொல்ல முடியாது. அவர்களிடம் படை இல்லை. காபூலும் வெளிநாட்டினரும் அந்த உடன்பாட்டை ஒரே மாதிரி பார்க்கவில்லை. உள்ளூர் அமைதிக்கு மேலே நிழல் கொடுக்க யாரும் இல்லையென்றால் முதல் வெயிலுக்கே அது வாடிவிடும்.

அதே ஹெல்மண்டில் 2018 மார்ச்சில் லஷ்கர்காவின் விளையாட்டு அரங்கத்துக்கு வெளியே குண்டு வெடித்தபின், சாதாரண ஜனங்கள் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். பெண்களும் தனியாகப் பந்தல் போட்டார்கள். பிறகு ஒரு சிறு குழு காபூலை நோக்கி நடந்தது. ஏறத்தாழ 700 கிலோமீட்டர், ரமலான் நோன்போடு. ஜூன் 18 அன்று போய்ச் சேர்ந்தபோது கூட்டம் பெருகியிருந்தது. இரு தரப்பிடமும் அவர்கள் கேட்டது ஒன்றுதான்: சண்டையை நிறுத்துங்கள். அங்கிருந்து வெளிநாட்டுத் தூதரகங்களின் வாசல்களிலும் போய் உட்கார்ந்தார்கள். சமாதானத்தை ஆப்கானியர்களுக்கு வெளியார்தான் கற்றுத்தர வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்த நடையைப் பற்றித் தேடிப் படிக்க வேண்டும்.

2021-க்குப் பிறகு பெரிய போர் ஓய்ந்தது. அதை வைத்து ஊர்த் தகராறுகளும் தீர்ந்துவிட்டதாக எண்ணுவது இப்போதைய தவறு. 2023 இறுதி முதல் பாகிஸ்தானும், 2025-இல் ஈரானும் லட்சக்கணக்கான ஆப்கானியர்களைத் திருப்பி அனுப்பியிருக்கின்றன. பல ஆண்டுகள் கழித்து வந்தவரின் நிலத்தில் இன்னொருவர் வீடு கட்டியிருப்பார். இருவரிடமும் இருப்பது பெரும்பாலும் சாட்சிகள் கையெழுத்திட்ட ஊர்ப் பத்திரம்தான். அரசுப் பதிவு இருக்காது. இந்தச் சண்டைகளுக்கு ஒரு காலண்டரும் உண்டு. மந்தைகள் மலையேறுவது வசந்தம் முடியும் நேரம், கால்வாய் வற்றுவது கோடை. பெஹ்சூதிலிருந்தோ வடக்கத்திக் கால்வாய் ஊர்களிலிருந்தோ துப்பாக்கிச் சூட்டுச் செய்தி வந்தால், எந்த இயக்கம் என்று தேடுவதற்கு முன்னால் தேதியைப் பாருங்கள். அப்புறம் அந்த வருஷம் பனி எவ்வளவு விழுந்தது, எந்த மேய்ச்சல் சரிவு உழப்பட்டது என்று விசாரியுங்கள்.